பனிப்புகார் ஆட்டமும் பக்கத்துக் கட்டிலும்

நான் நின்ற இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பங்கள் தெரியவில்லை. நடுக்கோடு கூடத் தெரியவில்லை. ஆற்றோரத்து மைதானம் அது. குளிர்காலச் சனிக்கிழமைக் காலைகளில் அங்கே பனிப்புகார் இறங்கினால் எழும்ப நேரம் எடுக்கும். நடுவர் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று இரண்டு அணித் தலைவிகளையும் கேட்டார். இருவரும் வேண்டாம் என்றார்கள். தொற்று வந்த வருடம் அது. பல மாதம் பூட்டிக் கிடந்த மைதானங்களை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அடுத்த கிழமை திரும்பவும் பூட்டமாட்டார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

நான் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியின் கோல் காப்பாளர். பெயர் தாரணி. பதினொரு வயதில் அப்பா அம்மாவோடு சிட்னிக்கு வந்தவள். நார்த்மீட்டில் இருக்கிறோம். அந்தப் பருவத்தில் நடந்ததைப் பலரும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் யாருக்கும் சொன்னதில்லை. இளவயதில் இதயம் பழுதாகும் என்று நம்பாதவர்களும், உறவினர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கண்விழித்து விசித்திரமாகப் பேசுவதைக் கேட்டுப் பயந்தவர்களும் இதை வாசித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பருவத்து ஆட்டங்கள் எல்லாமே ஒரு மாதிரித்தான் இருந்தன. உடைமாற்றும் அறைகளைப் பூட்டியிருந்தார்கள். காருக்குள்ளேயே பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவோம். கை குலுக்கக் கூடாது. ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கக் கூடாது. கோல் அடித்தால் கட்டிப்பிடிக்கக் கூடாது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் பெற்றோர் வேலிக்கு வெளியே கார்களை வரிசையாக நிறுத்தி, கண்ணாடிக்குள் இருந்தபடி பார்ப்பார்கள். நல்லதாக ஏதாவது நடந்தால் ஹோர்ன் அடிப்பார்கள். அன்று புகாருக்குள் அந்தக் கார்களின் முன்விளக்குகள் மட்டும் சோடி சோடியாகத் தெரிந்தன. மனிதர் ஒருவரும் தெரியவில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எனக்குச் சளித் தடிமன் வந்திருந்தது. மூக்குக்குள் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். அந்த நோய் இல்லை என்று முடிவு வந்தது. தடிமனும் மாறிவிட்டது. மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு இளைத்தது.

அன்று காலை காரிலிருந்து இறங்கும்போது அப்பா கேட்டார்.

"முகம் வெளிறிக் கிடக்குது. ஏலாமல் இருக்கோ?"

"இல்லை அப்பா. குளிர்தான்."

"இண்டைக்கு விடன். வேற ஆரும் நிக்கட்டும்."

"வேற ஆரும் இல்லை அப்பா. நான்தான் கீப்பர்."

முதல் பாதியில் பந்து என் பக்கம் அதிகம் வரவில்லை. புகாருக்குள் எங்கோ உதைபடும் சத்தம் வரும். யாரோ யாரையோ கூப்பிடும் குரல் வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் கவனித்தேன், நான் அசையாமல் நிற்கிறேன், என் இதயம் மட்டும் ஓடுகிறது. சாதாரண ஓட்டம் இல்லை. ஓடும், தடுக்கும், ஒரு கணம் நிற்கும், திரும்ப ஓடும். கையுறையைக் கழற்றி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். விரலுக்குக் கீழே ஏதோ சிறிய பூச்சி துடிப்பதுபோல இருந்தது.

இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி திடீரெனப் புகாருக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் பந்து. அவள் அடித்ததும் நான் வலப்பக்கம் பாய்ந்ததும் நினைவிருக்கிறது. விரல் நுனியில் பந்து பட்டது. கம்பத்தில் மோதி வெளியே போனது. நான் ஈரப் புல்லில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த கார்கள் எல்லாம் ஒரேயடியாக ஹோர்ன் அடித்தன. நான் நல்ல தடுப்புத் தடுத்துவிட்டேன் என்று பாராட்டினார்கள். விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. நான் முகங்குப்புறக் கிடக்கிறேன். மூச்சு வரவில்லை. சத்தம் நிற்கவே இல்லை. எங்கள் அணித் தலைவி ஜெஸ் ஓடிவந்து கைகளை ஆட்டி, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று கத்திய பிறகுதான் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியாக நின்றது எங்கள் காரின் ஹோர்ன். அப்பா இன்றுவரை ஹோர்ன் அடிப்பதில்லை. பின்னால் நிற்பவர்கள் அவரை எவ்வளவு திட்டினாலும் அவர் முன்னால் நிற்கும் காருக்கு அடிக்கமாட்டார்.

அம்புலன்சில் வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பை வரைந்து பார்த்தவர், தன்னுடன் வந்தவரிடம் அந்தத் தாளை ஒன்றும் சொல்லாமல் நீட்டினார். அப்பாவை ஏற்றவில்லை. பின்கதவு மூடும்போது அவர் முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு, "நான் பின்னாலயே வாறன் பிள்ளை," என்றார். கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கொஞ்சத் தூரத்திலேயே அவரைப் புகார் மூடிவிட்டது.

மருத்துவமனையில் முதலில் என்னைத் தனியறையில் போட்டார்கள். தொற்று இல்லை என்று திரும்பவும் உறுதியாகும்வரை யாரும் வரக்கூடாது. வந்தவர்களும் கண் மட்டும் தெரிய வந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். ட்ரோபோனின் என்று ஒரு புரதம் இருக்கிறது. இதயத் தசை காயப்பட்டால் அது இரத்தத்துக்குள் கசியும். கூடுதலாகக் கசிந்தால் கூடுதலான காயம். எனக்கு மிகக் கூடுதலாக இருந்தது. பிறகு குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவி எக்கோ எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் செய்வார்களே, அதே ஸ்கான், இதயத்துக்கு. திரையில் என் இதயம் தெரிந்தது. சுருங்கி விரியவேண்டிய சுவர் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்கான் எடுத்த பெண் திரையை மெல்ல மற்றப்பக்கம் திருப்பினாள்.

வைத்தியர் இளம் பெண். கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து சொன்னார். மயோகார்டைட்டிஸ். இதயத் தசையில் அழற்சி. ஊரெல்லாம் பயப்படும் அந்த நோய் எனக்கு இல்லை. சாதாரணத் தடிமன் கிருமி ஒன்று, எல்லோருக்கும் வந்து போவது, சிலரில் மட்டும் இதயத்துக்குள் இறங்கிவிடும். அதோடு கடுமையாக ஓடி விளையாடினால் நிலைமை மோசமாகும். ஏன் சிலரில் மட்டும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றே என் இதயம் மேலும் தளர்ந்தது. நித்திரையாக்கி, தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சை இயந்திரத்திடம் கொடுக்கவேண்டும் என்றார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்துத் தந்தார்கள். அம்மா வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர். வேலை உடுப்போடே வந்து திரையில் நின்றார்.

"கண்ணை மூடிக் கொஞ்சம் படு பிள்ளை. எழும்பேக்க நாங்கள் எல்லாரும் இருப்பம்," என்றார்.

நான் எழும்பியபோது அவர்கள் யாரும் இல்லை.

அந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நிலைமை மிக மோசமாக இருந்த ஒரு நாள் அப்பாவை மட்டும், முழுதாக மூடிக்கட்டி, சிறிது நேரம் உள்ளே விட்டார்களாம். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கையில் குழாய்கள் இருந்ததால் பிடிக்க இடம் இருக்கவில்லை என்றார். மருந்துகள் வேலை செய்யத் தொடங்கின. குழாயை எடுத்தார்கள். நான்கு கட்டில்கள் உள்ள ஒரு கண்காணிப்பு அறைக்கு என்னை மாற்றினார்கள். கட்டில்களுக்கு இடையில் வெளிர்நிறத் திரைகள். உடம்பு திரும்பிக்கொண்டிருந்தது. மனம் திரும்பவில்லை.

டெலிரியம் என்பார்கள். கடும் நோயும் மயக்க மருந்தும் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும் நிலை. தீவிர சிகிச்சையிலிருந்து எழும்பும் பலருக்கு வருவது, தானாக மாறுவது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆட்டம் இன்னும் முடியவில்லை. அந்த வெளிர்நிறத் திரை புகார். கூரை விளக்குகள் கார் விளக்குகள். அவை இரவிலும் பகலிலும் ஒரேமாதிரி எரிந்தன. நான் கோலுக்குள் நிற்கிறேன், யாரும் வந்து ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. முகமூடி போட்டவர்கள் புகாருக்குள்ளிருந்து திடீரென வெளிப்பட்டு, என் கையைத் தூக்கி ஏதோ செய்துவிட்டு, திரும்பவும் உள்ளே போனார்கள். ஒருவருக்கும் வாய் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. என் ஆங்கிலம் போய்விட்டது. சிட்னிக்கு வந்த பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, நண்பர்கள் எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில்தான். மைதானத்தில் நான் தமிழில் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் அவர்கள் பேசியது எனக்கு ஒரு சத்தமாக மட்டும் கேட்டது. நான் பேசியது அவர்களுக்கு விளங்கவில்லை. வீட்டில் சின்ன வயதில் பேசிய தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் விடாதேங்கோ. அவளைப் பிடியுங்கோ. பந்து எங்கே, பந்து எங்கே.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"பந்து வெளியில போயிட்டுது தங்கச்சி. நீங்கள் படுங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். திரைதான். அதன் அடியில், நிலத்துக்கும் துணிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், பூட்ஸ் போன்ற கறுப்புச் சப்பாத்துகள் தெரிந்தன. இரண்டு பேருடையவை. கதிரையில் உட்கார்ந்தவர்களின் கால்கள். அவை அசையவில்லை. நான் கண்ணயர்ந்து திரும்பப் பார்க்கும்போதும் அதே இடத்தில் இருந்தன.

"நீங்கள் ஆர்?" என்றேன்.

"பக்கத்துக் கட்டில்."

"அவை ஆர்? கறுப்புச் சப்பாத்து?"

குரல் தயங்கியது. "என்னோட வந்தவை."

"ஏன் போகாமல் இருக்கினம்?"

"நான் போகாமல் பாக்கத்தான்."

"நீங்கள் வீட்டை போகேலாதோ?"

"விடமாட்டினம் தங்கச்சி."

"எவ்வளவு காலமா விடேல்லை?"

"ஏழு வருஷம்."

அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதைப் போல. இது மருத்துவமனை இல்லை, இங்கே வந்தவர்கள் ஏழு வருடமானாலும் போவதில்லை, திரைக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன்.

அடுத்த தடவை தாதி வீடியோவைப் பிடித்தபோது அம்மாவிடம் இரகசியமாகச் சொன்னேன். "அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பக்கத்தில ஒரு ஆளை ஏழு வருஷமா வச்சிருக்கினம். ரெண்டு பேர் காவல் இருக்கினம். தமிழ் ஆள் அம்மா. என்னோட கதைக்கிறார்."

அம்மாவின் முகம் திரையில் உறைந்து நின்றது. இணைப்புப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது.

"அங்க ஒருத்தரும் இல்லை பிள்ளை. அது மருந்து. ஒருத்தரோடயும் கதைக்காதை. கண்ணை மூடு."

நான் கண்ணை மூடினேன். ஆனால் குரல் வந்துகொண்டேயிருந்தது. சில நேரம் நான் கேட்காமலே, "இண்டைக்கு மழை தங்கச்சி, என்ர பக்கம் யன்னலாலயும் தெரியுது," என்று சொல்லும். நான் அழும்போது ஒன்றும் சொல்லாது. இருமும், தான் அங்கேதான் இருக்கிறேன் என்பதற்காக. சிலவேளை ஆழமான வேறு குரல் ஒன்று ஏதோ அதட்டும், அப்போது அது நின்றுவிடும்.

பிறகு என் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். அப்படித்தான் உணர்ந்தேன். உயரமான, ஈரமான ஒருத்தி, முழங்கால்களை மடித்து நெஞ்சின்மேல் குந்தியிருக்கிறாள். சாய்ந்து படுத்தால் அவளுடைய பாரம் கூடியது. எழும்ப முயன்றேன். தாதி என்னை மெதுவாகப் படுக்க வைத்தாள். நான் கத்தினேன். அவள் என் தலையைத் தடவி, அன்று முழுவதும் நான் கத்திய மற்றவற்றைப் போலத்தான் இதுவும் என்று எண்ணி, ஆறுதல் சொன்னாள். நான் திரும்பத் திரும்பச் சொன்னது இது. நெஞ்சுக்கு மேல இருக்கிறாள். மூச்சு வருகுதில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. ஏதோ இரும்பு விழுந்தது. கறுப்புச் சப்பாத்துகள் சட்டென்று எழும்பின. அந்த ஆண்குரல், இந்த முறை எனக்கு விளங்காத மொழியில், உடைந்து உடைந்து, ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பக் கத்தியது. பிறகு நிறையப் பேர் ஓடிவந்தார்கள். திரையை இழுத்தார்கள். அத்துடன் எனக்கு எதுவும் தெரியாது.

இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கிறது. அழற்சியால் அந்தப் பைக்குள் நீர் சேர்ந்து, இதயத்தை விரியவிடாமல் நெரித்திருக்கிறது. நெஞ்சுக்குள் ஊசி செலுத்தி அந்த நீரை வடித்தார்கள். அதன் பிறகு என் மனமும் மெல்லத் தெளிந்தது. ஒரு காலையில் தாதி "குட் மோர்னிங்" என்றாள், எனக்கு விளங்கியது. அழுதுவிட்டேன்.

வைத்தியர் வந்து, "நல்ல வேளை. நெஞ்சு அழுத்துகிறது, மூச்சு வரவில்லை என்று சரியான நேரத்தில் நீங்களே சொன்னீர்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம்," என்றார்.

"நான் ஆங்கிலத்திலா சொன்னேன்?"

"குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது."

நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். திரை திறந்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மடித்து விட்டிருந்தார்கள். கதிரைகளும் இல்லை. அங்கே யார் இருந்தார் என்று தாதியைக் கேட்டேன். மற்ற நோயாளிகளைப் பற்றித் தாங்கள் சொல்வதில்லை என்றாள் அன்பாக. வைத்தியரிடம் நான் கண்டதையெல்லாம் விவரித்தேன். அவர் தலையாட்டினார். டெலிரியத்தில் பலர் காவலாளிகளைக் காண்பார்கள், கடத்தப்பட்டதாக நம்புவார்கள், அறைக்குள் கைதிகள் இருப்பதாகச் சொல்வார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். நான் வெட்கப்படவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒருவரையும் ஏழு வருடம் பூட்டி வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். குளிர்காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாவது ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இதயம் வேகமாக அடிக்கும் எதையும் செய்யக்கூடாது என்றார்கள். அப்பா என் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, எனக்குப் படி ஏறும் வேலையில்லாமல் செய்தார். அம்மா வேலைக்குப் போகும்முன் குசினியில் எனக்கு மட்டும் உப்பில்லாமல் தனிச்சட்டியில் சமைத்து வைத்துவிட்டுப் போவார். ஜெஸ் வேலிக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு அந்தக் கறுப்புச் சப்பாத்துக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டாள்.

வேடிக்கையாகச் சொன்னேனே தவிர, எனக்குள் ஒரு சந்தேகம் தங்கிவிட்டது. இல்லாத ஒருவரை அவ்வளவு தெளிவாகக் கேட்க முடியுமென்றால், இப்போது கேட்பதை எப்படி நம்புவது? தெருவில் எல்லோரும் பாதி முகத்தோடு போனார்கள். பென்டில் ஹில் தமிழ்க் கடையில் ஒரு அன்ரி என்னிடம் சுகம் விசாரித்தபோது, பதில் சொல்லும்முன் அம்மாவைப் பார்த்தேன், அம்மாவுக்கும் அவர் தெரிகிறாரா என்று.

வசந்தத்தில் இதயச் சிகிச்சை நிலையத்தில் மறுபரிசோதனை. இந்த முறை துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். அம்மா வந்தார். காத்திருக்கும் அறையில் ஒன்றுவிட்டு ஒரு கதிரையில் இருக்கக்கூடாது என்று நாடா ஒட்டியிருந்தார்கள். நான் அம்மாவிடம், "தண்ணி கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி. நீங்கள் கோலுக்குள்ள நிண்ட பிள்ளையோ?"

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்போது தெரிந்தது, அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது.

மெல்லத் திரும்பினேன். மெலிந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், தலை பாதி நரைத்தவர். முகக்கவசம். அவருடைய இரண்டு பக்கமும், ஒரு கதிரை தள்ளி, கருநீலச் சீருடையில் இரண்டு பேர். நான் முதலில் பார்த்தது அவர்களுடைய கால்களை. கறுப்புச் சப்பாத்துகள்.

"ஓம்," என்றேன்.

அவர் முன்னால் குனிந்தார். "அப்ப நீங்கள் உண்மையாவே இருந்தனீங்களோ?"

நான் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்.

"எனக்கு ஹார்ட் அற்றாக் வந்து கொண்டுவந்தவை. வில்லாவுட்டிலதான் இருக்கிறன், அகதித் தடுப்பு முகாமில. திரும்பிப் போய்ச் சொன்னனான், பக்கத்தில ஒரு தமிழ்ப் பிள்ளை பந்து பந்து எண்டு கத்தினவ எண்டு. ஒருத்தரும் நம்பேல்லை. மருந்து மயக்கமாம். நித்திரைக் குளிசை தந்தவை. பிறகு நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"நெஞ்சு அழுத்துது எண்டு..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் சொன்னது நேர்ஸுக்கு விளங்கேல்லை. எனக்கு எழும்பேலாது. மேசையைத் தள்ளி விழுத்தினனான், அப்பத்தான் எல்லாரும் பாத்தவை. செஸ்ற், நோ ப்ரீத், செஸ்ற், நோ ப்ரீத். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவுதான் தங்கச்சி."

காவலாளிகளில் மூத்தவர், பேச வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா எழும்பினார். அம்மா யாரோடும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாடா ஒட்டிய கதிரையில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காவலாளி திரும்பவும் ஏதோ சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, என்ன பேர்?"

"ரூபன் அக்கா."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் அக்கா."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் கண்ணைத் துடைத்தார். இளைய காவலாளி முகத்தைத் திருப்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ரூபன் அண்ணாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் அவரோடு எழும்பினார்கள். கதவுக்குள் நுழையும்முன் அவர் திரும்பி என்னைப் பார்த்தார், இன்னும் இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொற்றைக் காட்டி முகாமுக்குள் அப்போது யாரையும் விடவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்துக் கதைத்தார். நெடுநாள் கழித்து அவருக்குத் தற்காலிக விசா ஒன்று கிடைத்தது. இப்போது பென்டில் ஹில்லில் நண்பர்களோடு இருக்கிறார், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார். விசா இன்னும் தற்காலிகம்தான். வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். என் இதயத்தின் எம்ஆர்ஐ படத்தில் சிறிய தழும்பு ஒன்று தெரிகிறது, அது மாறாது. விளையாட அனுமதி கிடைத்து, ஒரு குளிர்காலம் தவறி அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் கோலுக்குள் நின்றேன். புகார் இருந்தால் நிற்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆனால் அந்த நாளில் இன்னும் ஒன்று இருக்கிறது.

பரிசோதனை முடிந்து காருக்குள் வந்து இருந்தோம். அம்மா சாவியைப் போட்டார், முறுக்கவில்லை.

"நீ அங்க கண்டதெல்லாத்தையும் முதலில இருந்து சொல்லு," என்றார். "அப்ப நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்."

சொன்னேன். வாயில்லாத மனிதர்களைச் சொன்னேன், நெஞ்சில் குந்தியிருந்தவளைச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். யாருக்கும் சொல்லாத ஒன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் அதுவும் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

"என்ர கட்டிலுக்கு நேரா யன்னல் இருந்தது. வெளிச்சம் மங்குற நேரத்தில எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில ஒரு பொம்பிளை வந்து நிப்பா. தலையையும் மூடி நீளமா ஒரு கறுப்புக் கோட். அசையமாட்டா. கை காட்டமாட்டா. இந்தப் பக்கத்தையே பாத்துக்கொண்டு நிப்பா. மழையிலயும் நிண்டவ. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவ எண்டு நினைச்சனான். அவ வந்தால் நான் கண்ணை இறுக்கி மூடிடுவன்."

அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"அது கார் பார்க்கின்ர மேல்தட்டு," என்றார். "அப்பாவின்ர கோட். வேலை முடிஞ்சு ஒவ்வொரு நாளும் வந்தனான். வயோதிபர் இல்லத்தில தெரிஞ்சால், ஆஸ்பத்திரிப் பக்கம் போனதெண்டு வேலைக்கு வரவேண்டாம் எண்டுவினம். அதால ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பாவுக்கும் தெரியாது."

"ஏன் அம்மா கை காட்டேல்லை?"

"எந்த யன்னல் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. அதால எல்லா யன்னலையும் பாத்துக்கொண்டு நிண்டனான்."